பெயர் சொல்லிக் கேட்பவர்

என் கணவர் கணினி நிரல் எழுதும்போது வெறும் எண்ணை எழுத மாட்டார். அந்த எண்ணுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் போதும், பெயரைத்தான் எழுதுவார். நானோ கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரைச் சொன்னதில்லை. பாலிடெக்னிக்கில் படித்த காலத்தில் தாராளமாகச் சொன்னவள்தான். கேன்டீனின் அந்தக் கோடிக்குக் கேட்கும்படி கத்திக் கூப்பிட்டிருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் எதிரில் ஒரு மரியாதைக்கு "என்னங்க" என்று ஆரம்பித்தேன். நாங்கள் சிங்கப்பூரிலேயே புக்கிட் பாத்தோக்கில் தனியாக ஓர் அடுக்குமாடி வீடு வாங்கி வந்த பிறகும் அது நாக்கைவிட்டுப் போகவில்லை. அதனால் இதை எழுதும்போதும் அவருக்குப் பெயர் கிடையாது. அவருக்கே இல்லாதபோது மற்றவர்களுக்கு எதற்கு?

நாங்கள் முதன்முதலில் ஒழுங்காகப் பேசிக்கொண்டதே இந்தப் பெயர் விவகாரத்தில்தான். சி மொழியில் வலையமைப்பு நிரல் எழுதும் வகுப்பு. இரண்டு கணினிகள் பேசிக்கொள்வதற்குச் சில நெறிமுறைகள் உண்டு. ஒவ்வொரு நெறிமுறைக்கும் மனிதர்கள் கூப்பிட ஒரு பெயர், இயந்திரம் புரிந்துகொள்ள ஓர் எண். டிசிபி என்றால் ஆறு, யுடிபி என்றால் பதினேழு, ஐசிஎம்பி என்றால் ஒன்று. பரீட்சைக்கு முன்னால் நான் அதைக் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் மனப்பாடம் பண்றே? பேரைச் சொல்லிக் கேட்டா அதுவே நம்பரைக் குடுக்குமே."

அவர் காட்டியது getprotobyname என்ற செயற்கூறு. அதனிடம் ஒரு பெயரைக் கொடுத்தால், கணினியில் ஒரு மூலையில் இருக்கும் /etc/protocols என்ற கோப்பைத் திறந்து, வரி வரியாகப் பார்த்து, அந்தப் பெயர் இருக்கும் வரியைக் கண்டுபிடித்து எண்ணை எடுத்து வரும். கூடவே அந்த நெறிமுறைக்கு வேறு பெயர்கள் இருந்தால் அவற்றையும் கொண்டுவரும். நான் ஆர்வமாக அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். tcp என்பதற்கு வேறு பெயர் TCP என்று போட்டிருந்தது. சின்ன எழுத்தைப் பெரிய எழுத்தாக்கியதுதான் இவர்கள் வைத்த செல்லப் பெயராம். எங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்கு மூன்று பெயர் இருக்கும், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில் விழுந்தது நான்தான்.

படிப்பு முடிந்ததும் அவர் நிரலாளர் ஆனார், நான் நிரல்களைச் சோதிப்பவள் ஆனேன். பிறர் எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் அதே வேலையை இலவசமாகச் செய்கிறாள் என்று அவர் விருந்தாளிகளிடம் சொல்வார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார், அடி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று.

சென்ற ஆண்டு அவர் வேலை செய்த நிறுவனம் இங்கிருந்த பிரிவை மூடியது. ஒரு காலைக் கூட்டம், ஓர் அட்டைப்பெட்டி, டாக்சி. வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்து, தன்னுடைய காபிக் கோப்பையை எங்கள் கோப்பைகளோடு வரிசையில் வைத்தார். "ரொம்ப நாளா லீவே எடுக்கலை, இப்போ எடுத்துக்கறேன்" என்றார். நானும் சரி என்றேன். முதல் சில வாரங்கள் நன்றாகத்தான் போயின. காலையில் நடந்தார், சமைத்தார். அவர் வைக்கும் சாம்பார் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அதை நான் இதுவரை ஒப்புக்கொள்ளவில்லை, இப்போதும் எழுத்தில்தான் சொல்கிறேன்.

எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் லிட்டில் இந்தியாவுக்குப் போகும் பழக்கம் உண்டு. தேக்கா சந்தையில் மீன், பஃபலோ ரோட்டில் காய்கறி, பிறகு ஏதாவது ஒரு கடையில் தோசை. அங்கே போனால் தெரிந்தவர் நாலு பேரைப் பார்க்காமல் திரும்ப முடியாது. பார்த்தால் சும்மா விடுவார்களா? நம் ஆட்கள் நலம் விசாரிப்பதில் ஒரு முறை இருக்கிறது. பிள்ளை என்ன படிக்கிறது, வீடு எந்தப் பேட்டை, வேலை எங்கே. இந்த மூன்றும் தெரிந்தால்தான் அவர்களுக்கு நம்மை எங்கே வைப்பது என்று தெரியும். தோசைக்கு நின்ற வரிசையில் பழைய பள்ளித் தோழர் ஒருவர் அன்போடுதான் கேட்டார்.

"இப்போ எங்க வேலை?"

என் கணவர் பக்கம் திரும்பினேன். யோசிக்கிறாரோ என்று பார்த்தேன். யோசிக்கவில்லை. கையிலிருந்த கீரைக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டவர் பாவம், தன் மேல்தான் தப்போ என்று பார்த்தார். நான் குறுக்கே புகுந்து, "கன்சல்டிங் பண்றார்" என்று சொல்லி வைத்தேன். தோழர் நிம்மதியாகப் போனார். இவர் தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் லிட்டில் இந்தியா பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். "நீ போய்ட்டு வா" என்பார். கல்யாணங்களுக்கு நான் தனியாகப் போனேன். கேலாங்கில் இருக்கும் அவர் அக்கா கைப்பேசியில் அழைத்தால், தான் குளிப்பதாக என்னைச் சொல்லச் சொன்னார். ஒரு மனிதர் எத்தனை முறை குளிப்பார்? அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மின்தூக்கியில் பக்கத்து வீட்டுக்காரர் ஏறினால் இவர் கைப்பேசியை எடுத்துப் பார்க்க ஆரம்பிப்பார். எனக்குக் கோபம் வரும், அழுகையும் வரும், எது முந்தும் என்று எனக்கே தெரியாது. அவருக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அதைவிடப் பெரிதாக வேண்டிக்கொண்டது, யாராவது ஒரு கேள்வி கேட்டால் இவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்பதைத்தான்.

அப்படி இருக்கும்போது லிட்டில் இந்தியாவை அடுத்த ஜாலான் புசாரில் ஒரு சிறிய நிறுவனம் அவரைக் கூப்பிட்டது. பழைய கட்டடங்களில் பம்பு, மின்தூக்கி போன்றவற்றை வலையமைப்பில் இணைத்துக் கவனித்துக்கொள்பவர்கள். அவர்களுக்கு ஒரு சின்ன நிரல் வேண்டும். ஒவ்வோர் இயந்திரத்தின் கதவையும் தட்டி, "இருக்கியா?" என்று கேட்டு, பதில் வராததைச் சொல்ல வேண்டும். அந்தத் தட்டலுக்கான நெறிமுறைதான் ஐசிஎம்பி. வெள்ளிக்கிழமை மதியம் அவர்கள் அலுவலகத்துக்கு வந்து ஓட்டிக் காட்ட வேண்டும், நன்றாக இருந்தால் ஆறு மாத ஒப்பந்தம். ஒரே ஒரு நிபந்தனை, நிரலை கன்டெய்னருக்குள் போட்டுத் தர வேண்டும், அது எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. துறைமுக ஊர்க்காரர்களுக்குக் கன்டெய்னர் புதிதில்லை. இது கணினிக்குள் இருக்கும் கன்டெய்னர். ஒரு நிரல் ஓடுவதற்குத் தேவையானதை மட்டும் உள்ளே வைத்துக் கட்டிக் கொடுப்பது.

இதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இரண்டு நாளில் எழுதிவிட்டார். வீட்டுக் கணினியில் ஓடியது. எங்கள் வீட்டு வைஃபையில் இருந்த எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தது, என் கைப்பேசி உட்பட. அவர் மேசையில் தாளம் போட்டதை வெகு நாளுக்குப் பிறகு கேட்டேன். பிறகு மிகச் சிறிய கன்டெய்னராகத் தேடிப் பிடித்து அதற்குள் போட்டார். போட்ட உடனே நிரல் செத்துவிட்டது. ஒரு வரி பேசவில்லை. வந்தது, விழுந்தது, அவ்வளவுதான்.

இந்த மாதிரிக் கதவு தட்டும் நிரலுக்குத் தனி அனுமதி வேண்டும். கண்டவரும் வலையமைப்பில் கதவு தட்டக் கூடாது என்று கணினி கறாராக இருக்கும். அதனால் இது அனுமதிச் சிக்கல் என்று முடிவு கட்டினார். ஓர் அனுமதி கொடுத்தார், இன்னொன்று கொடுத்தார், கடைசியில் இருக்கிற அனுமதியெல்லாம் கொடுத்தார். நிரல் விழுந்துகொண்டே இருந்தது. எது வரை ஓடுகிறது என்று பார்க்க நடுநடுவே "இங்கே வந்தேன்", "இதைத் தாண்டினேன்" என்று எழுதச் சொல்லிப் பார்த்தார். அதில் ஒன்றுகூடத் திரையில் வரவில்லை. அப்படியென்றால் நிரல் வாசற்படியையே தாண்டவில்லை என்று நினைத்தார். அது தப்பு. இப்படி எழுதச் சொல்வதையெல்லாம் கணினி கொஞ்சம் சேர்த்து வைத்துத்தான் வெளியே கொடுக்கும். நடுவில் செத்தால் சேர்த்து வைத்ததும் கூடவே போய்விடும். இது அவருக்குத் தெரியாததா? எனக்கே அவர்தான் ஒரு காலத்தில் சொன்னார். ஆனால் பயந்த மனத்துக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது.

"நான் ஒரு தடவ பாக்கட்டுமா?" என்று புதன்கிழமை கேட்டேன்.

"வேணாம்."

"சும்மா பாக்கறேன், ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நீயா? ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

சிரிப்பதற்காகச் சொன்னது போல இருந்தாலும் அவர் சிரிக்கவில்லை. பார்க்கவும் விடவில்லை. எனக்குச் சுருக்கென்றது. மடிக்கணினியை மூடிக்கொண்டு அறைக்குள் போனார். நான் வாங்கிவந்த மீ கோரெங் நூடுல்ஸ் ஆறி, கட்டியாகி, மறுநாள் குப்பைக்குப் போனது. "மனைவியே கண்டுபிடித்துவிட்டால் பிறகு நான் எதற்கு?" என்று அவர் நினைத்திருக்கலாம். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அதற்காக எனக்குக் கோபம் வராமல் இருக்குமா? பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன்.

வியாழக்கிழமை நான் வேலையிலிருந்து வந்தபோது அவர் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யவில்லை. நான் பையைக் கீழே வைத்தேன், தண்ணீர் குடித்தேன். அவர் மடிக்கணினியை மெதுவாக என் பக்கம் திருப்பினார். உதவி செய் என்று சொல்லவில்லை. திருப்பி வைத்தார், அவ்வளவுதான். எத்தனையோ பரிசுகள் வாங்கிக் கொடுத்திருக்கிறார், இதைப் போல எதுவும் என்னை அசைத்ததில்லை.

சோதிப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நிரலைப் படிக்க மாட்டோம், எழுதியவரைக் கதை சொல்ல வைப்போம். முட்டாள்தனமாகக் கேள்வி கேட்போம்.

"முதல்ல என்ன செய்யுது?"

"முதல்லயா? icmp-ன்னு பேரைச் சொல்லி நம்பர் கேக்குது."

"யார்கிட்ட?"

"யார்கிட்டன்னா? அதுதான், அந்த ஃபங்ஷன்கிட்ட."

"அதுக்கு யார் சொல்றாங்க?"

"அது ஃபைலைப் பார்த்துச் சொல்லும். உனக்குத்தான் தெரியுமே, /etc/protocols."

"சரி. அந்த ஃபைல் இந்த கன்டெய்னருக்குள்ள இருக்கா?"

 அவர் கையை நீட்டி ஒரு கட்டளை தட்டினார். அப்படி ஒரு கோப்பு இல்லை என்று வந்தது. மறுபடி தட்டினார், ஏதோ எழுத்துப் பிழை போல. மறுபடியும் இல்லை என்றே வந்தது.

அவர் தொட்ட எல்லாக் கணினியிலும் அந்தக் கோப்பு இருந்தது. வீட்டில் உப்பு இருக்கிறதா என்று யாரும் பார்த்துவிட்டா சமைக்க ஆரம்பிக்கிறார்கள்? சின்னதாகக் கட்ட வேண்டும் என்று யாரோ அதையும் கன்டெய்னரிலிருந்து எடுத்துவிட்டிருக்கிறார்கள். நிரல் பெயரைச் சொல்லிக் கேட்டது. பெயர் கிடைக்காததால் அந்தச் செயற்கூறு வெறுங்கையை நீட்டியது. நிரல் அதைப் பார்க்காமல், கையில் எண் இருப்பதாக நினைத்து எடுக்கப் போய் விழுந்தது. வெறுங்கையா என்று ஒரு வரி பார்த்திருக்க வேண்டும். அவர் பார்க்கவில்லை.

"ஒரு தடவகூட இல்லைன்னு சொன்னதில்லையே அது," என்றார்.

பிறகு சிரிக்க ஆரம்பித்தார். பாலிடெக்னிக் சிரிப்பு. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது, அதைத் துடைக்க ஒரு சாக்கும் கிடைத்தது.

"சரி, ஒண்ணுன்னு எழுதிட்டு முடிங்க லா," என்றேன். "அது எந்தக் காலத்துலயும் மாறப் போறதில்ல."

"ஒண்ணுன்னா படிக்கிறவனுக்கு என்ன புரியும்?"

"உங்களைத் திருத்தவே முடியாது."

அவர் கேட்கவில்லை. பெயரைச் சொல்லிக் கேட்பதை அப்படியே வைத்துக்கொண்டார். கேட்ட பிறகு, வெறுங்கையா என்று பார்க்கும் வரியைச் சேர்த்தார். வெறுங்கை என்றால், "பெயர்க் கோப்பு இங்கே இல்லை, தெரிந்த எண்ணை வைத்துத் தொடர்கிறேன்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கும். அந்தத் தெரிந்த எண்ணைக்கூட ஒன்று என்று எழுதவில்லை. சி மொழியிலேயே அதற்கு IPPROTO_ICMP என்று ஒரு பெயர் உண்டு, அதைத்தான் எழுதினார். நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அரிசி கழுவப் போனேன். நிரல் கன்டெய்னருக்குள் எழுந்து நின்று, தன் ஒரு வரியைச் சொல்லிவிட்டு, கதவுகளைத் தட்ட ஆரம்பித்தது. அன்றைக்கு அவர் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நான் அரை நாள் விடுப்பு எடுத்தேன். அவரோடு வருகிறேன் என்று சொல்லவில்லை. எனக்கும் தேக்காவில் வேலை இருக்கிறது என்றேன். அவர் ஜாலான் புசாருக்கு நடந்தார், நான் பஃபலோ ரோடு முனையில் ஒரு கடையில் தே ஹாலியா என்ற இஞ்சி டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். முடிந்ததும் நேராக ரயில் பிடித்து வீட்டுக்குப் போய்விடுவார், நான் கைப்பேசியில்தான் செய்தி தெரிந்துகொள்வேன் என்று நினைத்தேன். அவர் நடந்து வந்தார். முழுக்கைச் சட்டை வியர்த்திருந்தது. எதிரில் உட்கார்ந்தார்.

"ஓடிச்சு."

"அப்புறம்?"

"அந்த மேனேஜரம்மா ஒரு வரியக் காட்டி, இது எதுக்குன்னு கேட்டாங்க. வெறுங்கையான்னு பாக்கற வரி. சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"ரெண்டு நாள் தப்பான பக்கமா தேடினேன், என் ஒய்ஃப் ஒரே கேள்வி கேட்டுக் கண்டுபிடிச்சாங்கன்னு சொன்னேன்."

எனக்கு வந்த கோபத்தில் தே ஹாலியா மேசையில் சிந்தியது. வேலை கேட்கப் போன இடத்தில் யாராவது இப்படிச் சொல்வார்களா? இரண்டு நாள் தேடினேன் என்று சொன்னால் எவர் வேலை கொடுப்பார்? பெண்டாட்டியை வேறு இழுக்க வேண்டுமா? கேட்டேன், எல்லாவற்றையும் கேட்டேன், பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. அவர் காகிதக் கைக்குட்டையை எடுத்து மேசையைத் துடைத்தார்.

"கேட்டாங்க, சொன்னேன். திங்கக்கிழமை சொல்றாங்களாம்."

திங்கட்கிழமை அவர்கள் சரி என்று சொன்னார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறார், ஒப்பந்தத்தை நீட்டியும் விட்டார்கள். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மதியம் எங்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கையில் இருந்த ஒன்றை இந்த மனிதர் வாயால் கெடுத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்பதுதான்.

வீட்டில் காய் இல்லை. வந்ததற்கு வாங்கிக்கொண்டு போகலாம் என்று பக்கத்துக் கடைக்குப் போனோம். அந்தக் கடை அக்காவுக்கு எங்களைப் பல வருடமாகத் தெரியும். முருங்கைக்காயை ஒடித்துக் காட்டினார், கத்தரிக்காயை நிறுத்தார், பிறகு இவரைப் பார்த்தார்.

"என்ன தம்பி, ஆளையே காணோம்? இப்போ எங்க வேலை?"

 கன்சல்டிங் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

"வேலை போயிடுச்சுக்கா," என்றார் அவர். "போன வருஷமே போயிடுச்சு. தேடிக்கிட்டு இருக்கேன்."

அக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். குரலில் ஒன்றும் இல்லை, மழை வருகிறது என்று சொல்வது போலச் சொன்னார். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

 அக்கா நிறுத்த கத்தரிக்காயைப் பையில் போட்டார், பையின் வாயை முடிச்சுப் போட்டார், கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரருக்கும் போயிடுச்சு தம்பி. யார்கிட்டயும் சொல்லலை. வீட்டை விட்டு வெளியவே வர மாட்டேங்குறாரு. போன் எடுக்க மாட்டேங்குறாரு. நான் என்ன சொன்னாலும் உனக்கு என்ன தெரியும்னு கேக்கறாரு."

எங்களுக்குப் பின்னால் இரண்டு பேர் காயோடு காத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அவர்களைப் பார்க்கவில்லை. நான் என் கணவரைப் பார்த்தேன். இத்தனை மாதமும் எவர் கண்ணிலும் படாமல் இருக்க வழி தேடியவர், பையை அக்காவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"எந்த புளோக்குக்கா, உங்க வீடு?" என்று கேட்டார். "ஞாயித்துக்கிழமை காலையில வரேன். தோசை சாப்பிடப் போலாம்னு அவர்கிட்ட சொல்லி வைங்க."